சரிவுப்பாதையில் ஒரு சாமி

ஏழு வருஷம் மனு எழுதினாள் வசுந்தரா. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். கீழக்குயில்குடிக்கு அப்பால் ஒரு குன்றின் குகையில் இருக்கும் வட்டெழுத்துக் கல்வெட்டைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துவாள். ஆனால் அதை ஒருதரம்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் கால்கள் இரண்டையும் சூம்பவைத்துவிட்டுப் போயிருந்தது. இரும்புச் சட்டம் பூட்டிய பூட்ஸும் கக்கத்துக் கட்டைகளும் இருந்தால் நடப்பாள். பாறையில் வெட்டிய படிகளில் அது நடக்காத காரியம். மாணவிகள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "சூப்பரா இருக்கு மேடம்" என்பார்கள். அவளுக்கு வயிறு எரியும்.

எண்பத்தொன்றாம் வருஷத்தை ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்தார்கள். அவள் மனுக்களை வாங்கி வைத்திருந்த தொல்பொருள் துறை அதிகாரிகளுக்கும் திடீரென்று இரக்கம் பொங்கியது. குகை வாசல்வரை சிமெண்டில் சரிவுப்பாதை போட்டு, வந்து பார்க்கலாம் என்று கடிதமும் போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை வாடகைக் காரில் போய் இறங்கினாள்.

பாதை நன்றாகத்தான் இருந்தது. அது தொடங்கும் இடத்தில்தான் ஒரு கருப்பசாமி இருந்தார்.

பூமி பூஜைக்கு நட்ட கல்லை, வேலை முடிந்த பிறகு பிடுங்கிப்போட கான்ட்ராக்டருக்குத் துணிச்சல் வரவில்லை. யாரோ அதற்கு மஞ்சள் துணி கட்ட, வேறு யாரோ பக்கத்தில் வேல் நட, ஆறே மாதத்தில் சாமி குடியேறிவிட்டார். கால் முடியாதவர்களுக்காகப் போட்ட பாதை அல்லவா, கால்வலி தீர்க்கிற சாமி என்று பேரும் பரவிவிட்டது. அன்றைக்கும் நாலைந்து பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சரம்மா, செருப்ப இங்கனயே கழட்டிருங்க" என்றான் காவலாளி பேயாண்டி.

"அண்ணே, இது செருப்பில்ல. என் காலு."

"தோலுதான? தோலு கல்லத் தாண்டக் கூடாது. சாமி கோவிச்சுக்கும்."

"கழட்டுனா நான் எப்படி நிக்கிறது?"

"அதுக்குத்தான சாமி இருக்கு!"

கோபம் வந்தால் வசுந்தராவுக்கு வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரம்தான் வாயில் வரும். அதில் நாலு வார்த்தை திட்டினாள். பேயாண்டி மந்திரம் என்று நினைத்து நகர்ந்து நின்றான்.

"இந்தப் பாதையே நான் மனுப் போட்டுத்தாண்ணே வந்துச்சு."

"அப்ப சாமி வந்ததே உங்களாலதான்!" அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த சீனியம்மாள் ஆறுதலாகச் சொன்னாள்: "நேந்துக்கிட்டு ஏறு தாயி. நானும் முட்டுவலிக்கு நாலு வாரமா வாரேன்."

"தீந்துச்சா?"

"இல்ல. அஞ்சாவது வாரம் தீரும்ங்கிறாக."

திரும்பிப் போய் இன்னொரு மனு எழுதலாம். சாமியை நகர்த்தச் சொன்னால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவான்? இன்னும் ஏழு வருஷம் மாணவிகள் வாயால் கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியாது. தரையில் உட்கார்ந்தாள். வாரை அவிழ்த்து, பூட்ஸைச் சட்டத்தோடு கழற்றிக் கட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். மலைக்கு முதுகைக் காட்டி, கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்து ஏற ஆரம்பித்தாள்.

வழுக்காமல் இருக்கச் சிமெண்டில் கோடு கீறியிருந்தார்கள். அது உள்ளங்கையைத் தேய்த்தது. பாதி தூரத்தில் கீழேயிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது.

"நேத்திக்கடன் இல்லம்மா! கல்வெட்டுப் பாக்கப் போறேன்!" என்று கத்தினாள். குலவை இன்னும் பலமானது.

பாதை முடியும் குகை வாசலுக்கு வந்து, மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். எழுத்து மேலே, ஒரு சமணச் சிலைக்கு அடியில் இருந்தது. நிற்கிற ஆளின் கண்மட்டத்தில் வெட்டியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவளுக்குப் பாறையில் ஏதோ சுரண்டியதுபோல் மங்கலாகத் தெரிந்தது. ஓர் எழுத்துக்கூடப் பிடிபடவில்லை.

அவள் அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். கைக்குக் கிடைத்த கல்லை எடுத்துப் பாதையில் வீசினாள்.

பின்னாலேயே வந்திருந்த பேயாண்டி கல்லுக்கு ஒதுங்கிக்கொண்டான். எழுத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இறங்கிப் போனான். திரும்பி வரும்போது தோளில் கட்டைகள் இருந்தன. நெஞ்சோடு அணைத்திருந்த துண்டுக்குள் சட்டத்தோடு பூட்ஸ் இருந்தது.

"சாமி பாக்காம மூடிக் கொண்டாந்தேன்" என்றான் ரகசியக் குரலில். "சட்டுனு மாட்டுங்க."

வாரை இழுத்துக் கட்டி, கட்டைகளை ஊன்றி, அவன் முழங்கையைப் பிடித்து எழுந்தாள். எழுத்து அவள் முகத்துக்கு நேரே வந்தது. உரசிச் சிவந்த விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தாள். பள்ளத்தின் குளிர்ச்சி விரலில் ஏறியது.

"என்ன எழுதியிருக்கு டீச்சரம்மா?"

"இன்னார் செய்வித்த திருமேனின்னு எழுதியிருக்கு. மேல இருக்கிற சிலைய யாரு செதுக்க வச்சாங்கங்கிற பேரு."

பேயாண்டி ஏமாந்துபோனான். "இம்புட்டுதானா? இதுக்கா இம்புட்டுப் பாடுபட்டீக?"

"இம்புட்டுதாண்ணே" என்றாள் வசுந்தரா. அடுத்த எழுத்துக்கு விரலை நகர்த்தினாள். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க. நான் இப்பத்தான் பாக்குறேன்."