பூட்டை இழுத்துப் பார்க்கும் வீடு

நான்காவது ஐஸ் பையைத் துண்டில் சுற்றி, சின்னண்ணனின் பிடரிக்கு அடியில் தள்ளினாள் தங்கை. ஆராய்ச்சி மையத்திலிருந்து தொலைபேசியில் பேசிய பெண் சொன்னபடிதான் எல்லாம் செய்தாள். தலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நாலு மணிக்குள் உடல் வந்து சேர வேண்டும். உடன்பிறந்தவர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இப்போது மணி ஒன்றே முக்கால். அவள் கையெழுத்து படிவத்தில் காய்ந்து கிடந்தது. இன்னொன்றைப் போட வேண்டியவர் ஜன்னலருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"செத்தும் அவனுக்கு நிம்மதி கிடையாதா?" என்றார் பெரியண்ணன். "மண்டையைத் திறந்து மூளையை எடுப்பாங்களாம்."

"சின்னண்ணனே எழுதிக் கொடுத்தது. ரெண்டு வருஷமாச்சு. காலையில குளிக்கப் போனவர் இப்படி விழுவார்னு நமக்குத் தெரியுமா? நாலு மணி தாண்டிட்டா அவர் கொடுத்த வாக்கு வீணாப் போயிடும்."

தெருவில் சின்னண்ணனுக்குப் பூட்டு என்று பெயர். வீட்டைப் பூட்டினால் ஏழு முறை இழுத்துப் பார்ப்பான். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் சரி, குடும்பம் முழுதும் படிக்கட்டில் காத்து நிற்கும். ஏழாவது இழுப்புக்குப் பிறகு, "ம், போலாம்" என்பான். அப்புறம்தான் யாருக்கும் கால் நகரும். வெளியாட்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். சோப்பில் கழுவிக் கழுவித் தோலுரிந்த அந்தக் கைகளுக்கு மருந்து தடவியவள் அவள். அவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஏழு எழுபதாகிப்போன ஒரு வருடத்தில், அச்சகத்தில் பிழை திருத்தி மெய்ப்புப் பார்க்கும் வேலையும் அவன் கையை விட்டுப் போயிற்று. ஒரு பக்கத்தை முடித்து அடுத்ததைப் புரட்ட அவனால் முடியவில்லை.

"அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார் பெரியண்ணன். "வண்டியில மனநல ஆராய்ச்சின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். மூணு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க துக்கம் கேட்க வராங்க. பரம்பரையா வருமான்னு கேட்டா நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கிறது?"

"கொஞ்சம் வரும்னு சொல்லு. அதுதானே உண்மை."

சின்னண்ணன் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கப் போன நாள் அவளும் கூடப் போயிருந்தாள். ஆய்வு செய்யும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: இது ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை, பல மரபணுக்களில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன எழுத்து மாற்றங்கள். எல்லோரிடமும் கொஞ்சம் உண்டு, உங்களுக்கு அதிகமாகச் சேர்ந்து விழுந்துவிட்டது.

சின்னண்ணன் மெய்ப்புப் பார்ப்பவனின் சந்தேகத்தோடு கேட்டான்: "இத்தனை ஆயிரம் தலைமுறையா யாரும் திருத்தாம விட்டு வெச்சிருக்குன்னா, அது பிழைதானான்னு முதல்ல பார்க்கணும் இல்லையா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். காட்டில் கூட்டமாகத் தூங்கிய காலத்தில், நெருப்பு அணைந்துவிட்டதா, மிருகம் வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தவர்களால் மற்றவர்கள் பிழைத்திருக்கலாம். கொஞ்சம் இருந்தால் காவல். அளவு மீறினால் நோய். "ஆனா இது யூகம்தான். சரியா தப்பான்னு பார்க்கத்தான் உங்களை மாதிரி ஆட்களைக் கேட்கிறோம்."

"அப்ப நான் பழுதில்ல, ஓவர்டைம்" என்றான் சின்னண்ணன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் அவன் சிரிக்கவில்லை. "ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருக்காங்க. எனக்குக் காரணம் வேணும். எனக்குக் கிடைக்கலேன்னா அடுத்தவனுக்காவது கிடைக்கட்டும்" என்று சொல்லி, அன்றே படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

தங்கை எழுந்து படிவத்தையும் பேனாவையும் ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"அண்ணா, எங்க விதைச் சோதனைக்கூடத்துல எல்லாரும் முளைச்ச விதையை ரெண்டு தடவை எண்ணுவாங்க. நான் நாலு தடவை எண்ணுவேன். அதுக்குத்தான் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தாங்க. நீ மருந்துக் கடையில ஒவ்வொரு அட்டையையும் மூணு தடவை பார்த்துட்டுத்தான் கையில கொடுப்ப. அதனாலதான் ஜனங்க நாலு கடையைத் தாண்டி உன்கிட்ட வராங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"நான் சின்னண்ணன் பக்கத்துல உட்கார்ந்ததிலிருந்து, சாவி இருக்கான்னு சட்டைப் பையைப் பதினோரு தடவை தொட்டுட்ட."

பெரியண்ணனின் கை பாதி வழியில் நின்றது. "எண்ணிட்டா இருந்த?"

"எண்ணாம இருக்க முடியல."

அந்த நேரத்தில் பெரியண்ணனின் மகள், பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து வாங்கிய ஐஸ் கட்டிகளோடு உள்ளே வந்தாள். வாசலிலேயே எல்லாம் கேட்டிருந்தாள்.

"அப்பா, சித்தப்பாவைப் பத்தி நான் அவர்கிட்ட எப்பவோ சொல்லிட்டேன். நானும் கேஸ் மூடியிருக்கான்னு எழுந்து எழுந்து பார்ப்பேன்னும் சொன்னேன்."

"சொல்லிட்டியா? மாப்பிள்ளை என்ன சொன்னார்?"

"அவங்க வீட்டுல ஒருத்தரும் பார்க்கிறதே இல்லையாம். ரெண்டு தடவை பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு, வீடு முழுக்க கேஸாம். 'சீக்கிரம் வந்து சேரு, ஆள் தேவைப்படுது'ன்னார்."

பெரியண்ணன் ஜன்னல் கட்டையிலிருந்து படிவத்தை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைப் படித்தார். முதலிலிருந்து மறுபடியும் படித்தார். மூன்றாவது முறையும் படித்தார். தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாளே தவிர, அவசரப்படுத்தவில்லை. இரண்டு இருபதுக்குக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி மூன்றரைக்குத்தான் வந்தது. இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துச் சாய்த்து, குறுகலான படிகளில் இறக்கிக் கொண்டுபோனார்கள். துக்கம் கேட்க வந்திருந்த மாப்பிள்ளை கீழே வண்டிக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். கொட்டை எழுத்துகள் அவன் தோளுக்கு மேல் தெரிந்தன.

தங்கை கதவைப் பூட்டிச் சாவியைப் பெரியண்ணனிடம் கொடுத்தாள். அவர் ஒரு படி இறங்கி நின்றார். மகள் அவருக்குக் கீழே நின்றாள். தங்கை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். யாரும் நகரவில்லை.

"யாராவது வரணுமா? யாருக்கு நிக்கிறீங்க?" கீழேயிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். "நேரமாகுது."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியண்ணன் திரும்பி ஏறினார். பூட்டைப் பிடித்து ஒரு முறை இழுத்தார். கையை எடுக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தார். தங்கை உதடு அசையாமல் எண்ணினாள். கீழே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவள், ஏழு வரும்வரை மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.