கிங்ஸ்லி செய்ய வேண்டிய ஜெபம்

1

கிறிஸ்தவர்கள் அரசியலில் இறங்கலாமா என்று ஒரு சபைப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியிலேயே ஒரு கணவன் உள்ளே வந்துவிட்டான். கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு அவனைப் பார்க்க ஆரம்பித்தேன்.

'மைசூர் மண்டி மொஹல்லாவில் பக்தியுள்ள ஒரு மனிதன்—'

வேண்டாம். பக்தியுள்ளவன்தான். ஆனால் அன்றைக்கு அவன் வயிறு எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2

கிங்ஸ்லி பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளிக்கிழமைதோறும் சபையில் வேதபாடம் எடுப்பவன். அவன் மனைவி ஜெசிந்தா நர்ஸ். அந்த மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தபோது, தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். இன்ஜினியர் வந்தார். குழாயை மாற்றினார்கள்.

எதிர்வீட்டு பாக்கியலட்சுமி தெருவே கேட்கச் சொன்னாள்: "அடுத்த எலெக்‌ஷன்ல நீங்களே நில்லுங்க அக்கா. நம்ம வார்டுக்கு நீங்கதான் பேக்கு, வேற யாரும் பேடா!" (கன்னடத்தில் பேக்கு என்றால் வேண்டும், பேடா என்றால் வேண்டாம்.)

கிங்ஸ்லியும் பக்கத்தில்தான் நின்றிருந்தான். "சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று ஒருத்தி அவனை விலக்கிவிட்டு ஜெசிந்தாவின் கையைப் பிடித்தாள். மறுநாள் தேவராஜா மார்க்கெட் பூக்காரர் கேட்டார்: "நீங்க ஜெசிந்தா மேடம் வீட்டுக்காரரா?" இத்தனை வருஷம் அவனிடம் பூ விற்றவர்! அந்தக் கேள்வியை அவன் வீடுவரை மென்றுகொண்டே வந்தான்.

3

அந்த வெள்ளிக்கிழமை வேதபாடத்தின் தலைப்பை மாற்றினான்: விசுவாசிக்கு அரசியல் தகுமா? தகாது என்றான். நம் ராஜா மேலே இருக்கிறார், இங்கே கொடி பிடிக்க நாம் வரவில்லை என்றான்.

(அரண்மனைகளில் அதிகாரம் வகித்த பக்தர்களும் வேதத்தில் இருக்கிறார்கள். கிங்ஸ்லிக்கு அது தெரியாததல்ல. போன வருஷம் அவர்களைப் புகழ்ந்து வாரக்கணக்கில் பேசியவனே அவன்தான்.)

ஆட்டோ ஓட்டும் மைக்கேல் பின்வரிசையிலிருந்து கேட்டார்: "அப்போ ட்ரெய்னேஜ யாரு பாக்கிறது பிரதர்? தேவதூதன் வந்து தோண்டுவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால்கூட அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

4

வீட்டில் சாப்பாடு போட்டபடி கேட்டாள்.

"கோச்சுக்காதீங்க. எலெக்‌ஷன்ல நிக்கச் சொல்லி தெருக்காரங்க என்னைக் கேக்காம உங்களக் கேட்டிருந்தா?"

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னு சொல்லிருப்பேன்."

"ஜெபம் பண்ணிட்டு?"

ரசம் சாதத்தைத் தேவைக்கு மேல் பிசைந்தான்.

"நின்னிருப்பேன்."

(இங்கே அவனை அழவைத்து ஒரு வாக்கியம் எழுதி, அடித்துவிட்டேன். பொறாமைக்காரன் அவ்வளவு சீக்கிரம் அழுவதில்லை. தன் வாயிலிருந்து உண்மையை வரவழைத்ததற்காகவும் அவள்மேல் அவனுக்குக் கோபம்தான் வந்தது.)

"அப்போ வேதம் தடுக்கல," என்றாள் ஜெசிந்தா. "நான் நிக்கறேன்."

5

ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம். பாஸ்டர் ஜெசிந்தாவை முன்னால் அழைத்து, அவள் தேர்தலில் நிற்கப்போவதைச் சபைக்குச் சொன்னார். பிறகு ஒன்றும் அறியாதவராக, "கிங்ஸ்லி பிரதர், சிஸ்டருக்காக நீங்களே வந்து ஜெபம் பண்ணுங்க" என்றார்.

அவள் முழங்காலிட்டாள். அவன் மைக்கை வாங்கினான்.

முதலில் எழுதிய முடிவில் அவனை மனதார வாழ்த்த வைத்தேன். நானே நம்பவில்லை. இரண்டாவதில், 'இவளைத் தாழ்மையிலே காத்துக்கொள்ளும் ஆண்டவரே' என்றான். சபை ஆமென் சொன்னது. ஜெசிந்தாவுக்கு மட்டும் குத்தியது. அவன் அப்படிச் சொல்லக்கூடியவன்தான். ஆனால் அதன்பின் அவள் எழுந்து போன விதத்தை என்னால் எழுத முடியவில்லை. மூன்றாவதில் அவன்—

மூன்றாவது இல்லை. "ஆண்டவரே" என்று தொடங்கிவிட்டு அவன் நின்றுபோனான். சபை கண்களை மூடிக் காத்திருக்கிறது. ஜெசிந்தா மட்டும் நிமிர்ந்து பார்க்கிறாள். மைக்கில் விழாத குரலில் சொல்கிறாள்:

"எனக்காக வேணாம். மொதல்ல உங்களுக்காகப் பண்ணுங்க."

அவன் உதடுகள் அசைகின்றன. அடுத்த சொல்லை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நல்லவராக இருந்துகொண்டு போடாதீர்கள். கிங்ஸ்லியாக இருந்து போடுங்கள்.