பேட்டரிக்காரரின் செல்

பேட்டரிக்காரர் மாடி ஏறி மூன்று மாதம் ஆகிறது. கீழே கடை, மேலே வீடு, நடுவில் இருப்பது ஒரு வளைவுப் படிக்கட்டு. நெஞ்சில் இதயத் துடிப்புக் கருவி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதர் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழைந்தவர்தான். அன்றிலிருந்து பழைய பேட்டரிகளுக்கு நடுவே மடக்குக் கட்டிலில் படுக்கை.

"உள்ள இருக்கிறது பேட்டரி. காலம் பூரா நான் விக்கிறதும் பேட்டரி. இழுக்க இழுக்கத் தீரும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்" என்பார். அதையும் மெதுவாகத்தான் சொல்வார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இவருக்கு எதைப் பார்த்தாலும் பேட்டரி.

மனைவிக்குப் படிக்கட்டுகூடப் பெரிதில்லை. மனிதர் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார், அதைத்தான் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் அவர் தும்மினால் தெருமுனையில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். பாத்திர மூடி மாறிப்போனால் பொழுது சாயும்வரை ரகளை. இப்போது உப்பில்லாத சோற்றை வைத்தாலும் பேசாமல் சாப்பிடுகிறார். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறார்.

வம்புக்கு இழுத்தும் பார்த்தாள். "உங்க அக்கா மாதிரி கஞ்சத்தை நான் பார்த்ததே இல்லைங்க" என்றாள். அவர் ஒரு விரலை மட்டும் உயர்த்தி, "சார்ஜ் போகுது" என்றார். ஆளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், புருஷனைத் திருப்பித் தரவில்லையே என்று மாடிக்குப் போய் அழுதாள்.

கருவியைச் சோதிக்கும் நாள் வந்தது. சோதனை அறைப் பெண் ஒரு வட்டமான பொருளை அவர் நெஞ்சின் மேல் வைத்துத் திரையைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க ஐயா. நூறு அடியில ரெண்டு மூணுதான் மெஷின் கொடுத்திருக்கு. மீதியெல்லாம் உங்க இதயமே அடிச்சது. மெஷின் சும்மா காவல்தான்."

"அப்ப இதயத்துக்குக் கரண்டு?"

"அதுலயே சில செல் இருக்கு. தானாவே கரண்டு உண்டாக்கும்."

"செல்லா?" படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். தொழில் விஷயம் அல்லவா! "யாரும்மா சார்ஜ் போடுறது?"

"யாரும் போட வேண்டாம். அதுவே போட்டுக்கும்."

"ஓய்வே இல்லாமலா?"

"ஒவ்வொரு அடிக்கும் நடுவுல கொஞ்சம் எடுத்துக்கும். அதனாலதான் ஆயுசு பூரா ஓடுது. மெஷின் பேட்டரியும் இன்னும் பல வருஷம் வரும், தீர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும், மாத்திடலாம். நீங்க சும்மா உக்காந்திருக்கக் கூடாது. தாராளமா மாடி ஏறுங்க."

மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சண்டை போடலாமாம்மா?"

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அளவா போடுங்க."

திரும்பி வரும் வழியில் மனைவிதான் ஆரம்பித்தாள். "சும்மா கிடக்கிற பேட்டரிதான் சீக்கிரம் சாகும்னு கடைக்கு வர்றவங்களைத் திட்டுவீங்களே" என்றாள். முறைத்தார். பழைய முறைப்பு! அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

வீடு வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாதியில் நின்றுவிட்டார். அவள் இரண்டு படி தாவி ஏறினாள்.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"நிக்கலடி. நடுவுல கொஞ்சம் எடுத்துக்கிறேன்."

மேலே போய் உட்கார்ந்து, ஒரு வாய் சோற்றை எடுத்து வைத்தார். அவ்வளவுதான்.

"இது சாப்பாடா? மூணு மாசமா வாயில வைக்க முடியல! மாட்டுக்கு வைக்கிறதுலகூட உப்பு இருக்கும்! எங்க அக்கா கஞ்சமா? உங்க அண்ணன் என்ன கர்ணனா?" எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

அவள் அருகே வந்து, தழும்புக்குக் கீழே அவர் நெஞ்சில் காதை வைத்தாள். மனிதர் பயந்து பேச்சைப் பாதியில் விட்டார்.

"என்னடி? அடிக்குதா இல்லையா?"

"நீங்க போட்ட சத்தத்துல எங்கே கேக்குது?" அழுதுகொண்டேதான் சொன்னாள். "நிறுத்தாதீங்க."