மொட்டைவாலும் முப்பத்தி நாலு பேரும்

அறிவியல் டீச்சருக்கு எண்ணுவதே ஒரு நோயாகிவிட்டது. படகில் ஏறும்போது எண்ணினார், ஏறி உட்கார்ந்தபின் எண்ணினார், தீவில் இறங்கியதும் எண்ணினார். நடுக்கடலில் எவன் இறங்கிப் போயிருப்பான் என்றெல்லாம் கேட்கக்கூடாது. போன வருடம் மியூசியம் பார்க்கப் போனபோது ஒரு சிறுமியை அங்கே கழிப்பறையில் விட்டுவிட்டு, பாதி வழியில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு அலறியடித்து ஓடியவர் அவர். அன்றிலிருந்து அந்தச் சிறுமிக்கு வகுப்பில் மியூசியம் என்றே பெயர். டீச்சருக்குக் கிடைத்தது தலைமை ஆசிரியரின் உத்தரவு: பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை வரிசை எண் சொல்லவைக்க வேண்டும். இன்னொரு பிள்ளை தவறினால் சுற்றுலா என்ற பேச்சே கிடையாது.

மொட்டைவால் என்ற பறவை அந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லை. பறக்காது, புதருக்குள்ளேயே நடமாடும். ஒன்பது வருடமாக அதைப் பாடம் நடத்தும் டீச்சரே படத்தில்தான் பார்த்திருக்கிறார். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தார்.

"சத்தமே கூடாது," என்றார் தீவின் காவலர். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புதர் அசைந்து ஓர் அலகு எட்டிப் பார்த்தது. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

"ம், எண்ணுங்க!"

"ஒண்ணு!" "ரெண்டு!" "மூணு!" முப்பத்தி நாலு தொண்டைகளும் முழங்கி முடித்தபோது அலகு போன இடம் தெரியவில்லை.

இப்படியே மூன்று முறை. காவலர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"டீச்சர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இந்த ஒரு தடவை எண்ணாம இருங்க. படகு கிளம்பக் கால் மணி நேரம்தான் இருக்கு."

"ஒரு புள்ள காணாம போனா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"இது தீவுங்க. சுத்தித் தண்ணி. எங்க போயிடப் போகுது?"

"அந்தத் தண்ணிதாங்க எனக்குப் பயமே!"

ஆனால் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

மொட்டைவால் வந்தது. வாலே இல்லாத பறவைக்கு அத்தனை மிடுக்கு! பின்னாலேயே ஆறு குஞ்சுகள். வகுப்பில் ஒருவரும் தும்மக்கூட இல்லை. பறவை பாதையைக் கடந்து எதிர்ப் புதருக்குள் நுழைந்தது. ஐந்து குஞ்சுகள் கூடவே போயின. ஆறாவது ஒரு வேருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கீச்சிட்டது.

டீச்சர் விரல்விட்டு எண்ணினார். "ஐயையோ, அஞ்சுதானே போகுது! இவளுக்கு எண்ணத் தெரியாதா?" என்று முணுமுணுத்தபடி எழுந்துவிட்டார்.

பக்கத்திலிருந்த மியூசியம் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"பயப்படாதீங்க டீச்சர்," என்றாள் காதோரம். "அது திரும்பி வரும். நீங்க வந்தீங்கல்ல?"

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தாய்ப்பறவை அரக்கப்பரக்க ஓடி வருகிற வரைக்கும் அவர் அந்தக் கையை விடவில்லை.