மிஸ் வெல்வெட் வாசித்த வயலின்

மணி பத்து இருபது. என் வீட்டுக்காரர் நான்காவது பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் பழைய இசைத்தட்டுகள். அரக்கில் செய்தவை. கை தவறினால் கண்ணாடி மாதிரி சிதறிவிடும். எல்லாப் பெட்டிகளிலும் சேர்த்து முன்னூற்று நாற்பது. மாலை நான்கு மணிக்குப் பழுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வேனுடன் வந்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போகப் போகிறார். பதிலுக்கு ஒரு தட்டு தருவார்.

ஆமாம், ஒன்றே ஒன்று.

"நல்லா யோசிச்சீங்களா?" என்றேன்.

"பத்தொன்பது வருஷமா யோசிச்சாச்சும்மா. அந்தக் கத்தரிக்கோலை இப்படிக் குடு."

கொடுத்தேன். என்ன செய்ய?

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரிலுள்ளவர்களின் பார்வையைச் சரிசெய்கிற மனிதருக்குச் சொந்தப் பார்வையில் ஒரு கோளாறு: குருவி மார்க் தட்டு என்றால் வேறு எதுவும் தெரியாது. என்றோ மூடிவிட்ட அந்தக் கம்பெனி வெளியிட்டவை ஒன்றிலிருந்து இருநூற்றுப் பதின்மூன்று வரை எண் போட்ட தட்டுகள். அவரிடம் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. இல்லாதது 147.

அந்த ஒன்றுக்காகத்தான் குருவி மார்க் தவிர மற்ற அலமாரிகள் எல்லாம் காலி. நான்காம் பெட்டியில் இருந்த ஒரு தட்டு எனக்கு உயிர். பாட்டே கிடையாது, மூன்று நிமிடம் ஒரு ஆள் விழுந்து விழுந்து சிரிப்பார், அவ்வளவுதான். எங்களுக்குள் சண்டை வந்தால் இவர் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கமாட்டார். அந்தத் தட்டைச் சுழல விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் எத்தனை நேரம்தான் முறைத்துக்கொண்டிருப்பது?

அதையும் கட்டியாயிற்று.

பெட்டி கட்டும் மும்முரத்தில் நீலப் புத்தகத்தை மேஜைமேல் திறந்து வைத்திருந்தார். வழக்கமாகத் துணி சுற்றிப் பூட்டி வைப்பார். இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்கு அதுதான் சட்டப் புத்தகம். எந்தக் கம்பெனி, என்ன எண், யார் வாசித்தது, எல்லாம் வரிசையாக இருக்கும். தொகுத்தவர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் எழுத்துப் போட்டிருந்தார். 'ப' என்றால் தட்டைக் கண்ணால் பார்த்தார். 'வி' என்றால் விளம்பரத்திலிருந்து எடுத்தார்.

எட்டிப் பார்த்தேன். 147. வயலின், மிஸ் வெல்வெட்.

அந்த வரியின் முடிவில் எழுத்தே இல்லை.

"என்னங்க, இதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் போடலை?"

"அதான் விசேஷமே!" நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "அவரே பார்க்காத தட்டு! விளம்பரத்துலகூட வராத தட்டு! எவ்வளவு அபூர்வம்னு பார்த்துக்கோ."

எனக்குச் சந்தேகம் தட்டியது.

காரணம் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது, ஊரிலுள்ள கடைகளின் முகவரிகளை அச்சிடும் டைரக்டரி கம்பெனியில். பிழை திருத்துகிற வேலை. போன வாரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷப் பொய்க் கடை உங்க பொறுப்பு" என்றார். ஒவ்வொரு பதிப்பிலும் இல்லாத கடை ஒன்றைச் சேர்ப்போம். போட்டி டைரக்டரியில் அந்தக் கடையும் அச்சாகி வந்தால், நம்மைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள் என்று சட்டையைப் பிடித்துவிடலாம். நான் ஒரு குடை ரிப்பேர் கடையை உண்டாக்கியிருந்தேன். முகவரி கச்சிதமாக இருக்கும். தேடிப் போனால் தெருவே இருக்காது.

147 அந்தக் குடைக் கடைக்கு அக்கா மாதிரி இருந்தது.

சொன்னேன். இவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அச்சுல இருக்கும்மா."

"அச்சுல இருக்கிற பொய்யை எனக்கா சொல்றீங்க? போன வாரம் நானே ஒண்ணு எழுதினேன்."

"ஆதாரம் காட்டு, நிறுத்திடறேன். நாலு மணி வரைக்கும் டைம்."

இவர்கள் உலகத்தில் ஆதாரம் என்றால் ஒன்றுதான் அர்த்தம். இன்னொரு புத்தகம்.

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பழைய புத்தகக் கடைக்காரர் ஏணியின் உச்சியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "குருவி மார்க் தட்டுகள் பத்திப் புத்தகம் வேணும். நீலத்தைத் தவிர" என்றேன்.

"கண்ணாடிக்காரர் சம்சாரமா? அவர் நீலத்தைத் தவிர வேற எதையும் தொட மாட்டாரே."

"அதனாலதான் நான் வந்தேன்."

இரண்டு படி இறங்கி, கையை உள்ளே விட்டு, பார்க்காமலே ஒரு பச்சைப் புத்தகத்தை உருவினார். நீலத்துக்கு நான்கு வருடம் பிந்தியது. அவசரமாகப் புரட்டினேன்.

147. வயலின், மிஸ் வெல்வெட். பக்கத்திலேயே கம்பீரமாக ஒரு 'ப'.

போச்சு! இதைத் தொகுத்தவர் பார்த்திருக்கிறார். தட்டு இருக்கிறது. நான்தான் வீட்டுக்காரரின் நல்ல நாளைக் கெடுத்துவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். "அந்த 'ப'வை ரொம்ப நம்பாதீங்கம்மா. பச்சைக்காரர் வீட்டை விட்டே வெளிய வராத ஆளு. உட்கார்ந்த இடத்துலயே உலகத்தைப் பார்த்துடுவார். நீலக்காரர் அவர் மேல கேஸ் போட்டார், தெரியுமா?"

"எதுக்கு?"

"காப்பி அடிச்சதுக்கு. ஜெயிச்சிட்டார். ஆனா எப்படிப் பிடிச்சார்னு கோர்ட்டுக்கு வெளிய கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. அவர் எழுதின நோட்டெல்லாம் மகள்கிட்ட இருக்கு. நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், அசையலை. பல் டாக்டர். அஞ்சாவது கட்டடம், மாடி. வலிக்குதுன்னு சொன்னாத்தான் உள்ள விடுவாங்க."

மணி ஒன்று ஐம்பது.

வலிக்கிறது என்று சொன்னேன். பொய்யில்லை, எங்கே என்றுதான் சொல்லவில்லை. காத்திருக்கும் அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. என் முறை வருமுன் பொறுமை போய், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். நாற்காலியில் ஒரு பருமனான மனிதர் வாயைப் பிளந்து படுத்திருந்தார்.

டாக்டர் திரும்பாமலே கேட்டார். "எந்தப் பல்?"

"பல் இல்லை டாக்டர். நூத்தி நாற்பத்தேழு."

அவருடைய கை நின்றது. மெதுவாகத் திரும்பினார். "குருவி மார்க்கா?"

"ஆமா."

"யார் தேடறது?"

"என் வீட்டுக்காரர். பத்தொன்பது வருஷமா. இன்னைக்கு நாலு மணிக்கு அதுக்காக முன்னூத்தி நாற்பது தட்டைக் குடுக்கப் போறார்."

"ஐயோ!" என்றார் டாக்டர்.

"ஆஆ!" என்றார் நாற்காலிக்காரர். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

கையுறையைக் கழற்றிவிட்டு, பல் அச்சுகள் அடுக்கிய அலமாரியின் அடித்தட்டிலிருந்து தடிமனான நோட்டு ஒன்றை எடுத்தார் டாக்டர். பக்கம் அவருக்கு மனப்பாடம். கம்பெனி மேனேஜரின் கடிதம் ஒன்று ஒட்டியிருந்தது: 147-க்கான அச்சு விரிசல் விட்டதால் அந்த எண்ணில் தட்டு எதுவும் வெளியிடவில்லை. அதன்கீழே தொகுத்தவரின் சிவப்பு மை: *இடம் காலி. வெல்வெட்டை உட்கார வைக்கிறேன். திருடன் வந்தால் பிடிக்கட்டும்.*

"வெல்வெட் யாரு டாக்டர்?"

"எங்க வீட்டுப் பூனை."

நாற்காலியில் படுத்திருந்தவர் குலுங்கினார். சிரிக்கிறாரா வலிக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

"கேஸ் முடிஞ்சதும் அடுத்த பதிப்புல எடுத்துடறேன்னு அப்பா சொன்னார். அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார்." டாக்டர் நோட்டை மூடினார், யோசித்தார், என்னிடம் நீட்டினார். "இதை நான் யாருக்கும் குடுத்ததில்லை. ஆனா அப்பா திருடனுக்கு வெச்ச பொறியில நல்ல மனுஷன் மாட்டக்கூடாது. ஓடுங்க."

ஓடினேன்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. வாசலில் வேன். பின்கதவு திறந்திருந்தது. இரண்டு பெட்டிகள் ஏற்கெனவே உள்ளே. ஒன்றில் இவர் கையெழுத்தில் '4'.

கூடத்தில் பழுப்புக் கோட்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. மேஜைமேல் வெல்வெட் துணி, அதன்மேல் தட்டு. குருவி படம், 147. என்னவரோ தொடக்கூடப் பயந்து, தூங்குகிற குழந்தையைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தார்.

"போட்டுக் கேட்டீங்களா?" என்றேன், மூச்சு வாங்கியபடி.

"ஊசி பட்டா மதிப்பு போயிடும்மா" என்றது கோட்டு.

"என்னங்க, ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

"அப்புறம்மா."

வருகிற நிலையில் இல்லை அவர். அந்நியர் எதிரே புருஷனின் மூக்கை உடைக்க எனக்கு மனசும் இல்லை. கோட்டுக்காரர் எதிரே உட்கார்ந்தேன்.

"மிஸ் வெல்வெட் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?"

"நல்லாக் கேட்டீங்க! எங்க அம்மா அவங்க கச்சேரியை நேர்லயே கேட்டிருக்காங்க. வாசிக்க வாசிக்கச் சபையே அழுததாம். என்ன விரல்! என்ன அடக்கம்!"

அவர் அளந்துகொண்டிருக்கும்போதே நோட்டைப் பிரித்து, 'வெல்வெட், தொகுத்தவர் வீட்டுப் பூனை' என்று வழியில் பஸ் டிக்கெட்டில் கிறுக்கியிருந்ததை அதன்மேல் வைத்து, வீட்டுக்காரரின் கைக்கு அடியில் நகர்த்தினேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி படித்தார். காது மடல் சிவந்தது.

நிமிர்ந்தபோது குரல் அமைதியாக இருந்தது. "உங்க அம்மா அவங்களைக் கிட்டத்துல பார்த்திருக்காங்களா?"

"கண் நிறைய."

"நல்ல கறுப்போ?"

"மாநிறம்னு சொல்வாங்க."

"வால்?"

"என்ன சார்?"

"வால் எவ்வளவு நீளம்னு சொன்னாங்களா?"

கோட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கடைசியாக வாசலைப் பார்த்தார். என்னவர் எழுந்து போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "முதல்ல என் பெட்டி ரெண்டும் உள்ள வரட்டும். மெதுவா. அரக்கு."

வந்தன. தட்டை அள்ளிக்கொண்டு வேன் கிளம்பிப் போன வேகத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அதற்கப்புறம்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இவர் பெட்டிமேல் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூனை" என்றார்.

"ஆமாங்க."

"பத்தொன்பது வருஷம் ஒரு பூனை பின்னாடி அலைஞ்சிருக்கேன்."

"ஊருக்குத் தெரியாதுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சடாரென்று எழுந்தார்.

"இந்தாம்மா, கம்பெனி 147 போடவே இல்லைன்னா மொத்தம் எத்தனை?"

"இருநூத்தி பன்னிரண்டு."

"என்கிட்ட எத்தனை?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. "குருவி மார்க்குல கடைசியா வாங்கினது எது?"

"எண்பத்தெட்டாம் நம்பர். ஆறு வருஷம் ஆச்சு." தலையில் அடித்துக்கொண்டார். "ஆறு வருஷமா முழு வரிசையையும் வீட்டுல வெச்சுக்கிட்டு, இல்லையேன்னு அழுதுக்கிட்டு இருந்திருக்கேன். என்னை மாதிரி ஒரு கண்ணாடிக்காரன் உண்டாடி?"

"இல்லவே இல்லை" என்றேன் உறுதியாக.

ஐம்பது வயது மனிதர் என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் பெட்டிமேல் விழுந்து சிரித்தோம்.

சட்டென்று நிறுத்தினார். "அந்த ஆள் அடுத்து யார்கிட்டப் போவான்?"

147-ஐத் தேடுகிற இன்னொருவர் ஊரின் மறுகோடியில் இருக்கிறார். குரலுக்காக 'இடி' என்று பெயர். ஏழு வருடம் முன்னால் எங்கள் சோபாவில் ஒரு தட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. "பேசினா என் பேரை மாத்திக்கிறேன்" என்று சொன்ன என் வீட்டுக்காரர், இப்போது போன் எண்ணைப் பார்க்காமலே சுழற்றினார்.

"டேய், நான்தான். போனை வைக்காதே. நூத்தி நாற்பத்தேழு…"

மறுமுனை இடித்தது எனக்கே கேட்டது. "உனக்கு யார்டா சொன்னது? லேட்டா வந்துட்டே மாப்ளே! ஆறு மணிக்கு எனக்கு வருது!"

வீட்டுக்காரர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை.

"நோட்டை எடும்மா, கிளம்பலாம். போன்ல சொன்னா நம்ப மாட்டான். புத்தகத்தைக் காட்டணும்."