வாடகை நாசில்

லாசரஸ் காலையில் லாரியைக் கிளப்பினால் பிடோக்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். மூங்கில் கழிகளில் காய்ந்த துணிகளைப் பெண்கள் அவசர அவசரமாக உள்ளே இழுப்பார்கள். பைபிளில் வரும் லாசரசைப் போலவே அந்தக் கிழட்டு லாரியும் தினமும் செத்து உயிர்த்தெழுந்தது. எழும்போது ஒரு கரும்புகை மண்டலத்தையும் கூடவே எழுப்பியது.

"என்னாங்க! ஃபாதரோட வெள்ளை அங்கியைத் தோய்ச்சுப் போட்டிருக்கேன். கறுப்பாயிட்டா கோயில்ல நான் என்னான்னு சொல்றது?" மேல்மாடியிலிருந்து மனைவி பிரிஜட் கத்தினாள்.

"சாவுப் பூசைக்குப் போட்டுக்கச் சொல்லுலா!" என்று சொல்லிவிட்டு லாசரஸ் கிளம்பிவிட்டார்.

கிராஞ்சித் தோட்டங்களிலிருந்து கீரையும் காய்கறியும் ஏற்றிவந்து தேக்கா சந்தையில் இறக்குவது அவர் பிழைப்பு. அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. அந்த வாரம் லாரிக்குப் புகைச் சோதனை. தவறினால் வண்டி சாலையில் இறங்கக்கூடாது. கோளாறு நாசிலில்தான். எஞ்சினுக்குள் டீசலைப் பனிபோலத் தூவவேண்டிய அந்தச் சின்ன மூக்கு தேய்ந்துபோய், சளிபிடித்த மூக்காக ஒழுகியது. எரியாத டீசல் புகையாக வெளியே வந்தது. ஏஜெண்டு கடையில் புதுசு விலை கேட்டவர் திகைத்துப்போய், "தம்பி, நான் நாசில்தான் கேட்டேன், புது லாரி கேக்கல" என்றார்.

வழி காட்டியவன் தங்கராஜு. சிராங்கூன் ரோடு கோப்பிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து ஊருக்கெல்லாம் குறுக்குவழி சொல்பவன்.

"எதுக்குண்ணே காசைக் கொட்டுறீங்க? எங்கிட்ட நல்ல நாசில் செட் ஒண்ணு இருக்கு. டெஸ்டுக்கு மட்டும் மாட்டிக்குங்க, பாஸானதும் கழட்டிக் குடுங்க. மாப்பிள்ளைக்கு வாடகைக் கோட்டு எடுக்கிற மாதிரிதான்லா."

"அப்புறம் புகை?"

"காத்தடிச்சா கடலுக்குப் போயிடும்ணே. சின்ன ஊருதானே!"

லாசரசுக்கு மனம் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் தலையாட்டினார். தங்கராஜு சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே செட்டை, அதே நாள் சோதனைக்கு, அதே மாடல் மணல் லாரி ஓட்டும் வேலாயுதத்துக்கும் வாடகைக்குக் கொடுத்திருந்தான்.

சோதனை நாளன்று வாசலில் சந்தித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வேறு வழியில்லாமல், வேலாயுதம் முதலில் உள்ளே போவதாகவும், வெளியே வந்ததும் மரத்தடியில் வைத்து நாசிலைக் கழற்றி லாசரசின் லாரியில் மாட்டுவதாகவும் ஏற்பாடாயிற்று. வேலாயுதம் உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

லாசரசின் முறை வந்தது. பின்னால் நின்ற லாரிக்காரரைப் பார்த்து, "நீங்க முன்னாடி போங்க" என்றார். அடுத்தவரையும் போகச் சொன்னார். அதற்கடுத்தவர் தயங்கியபோது கீழே இறங்கிப்போய்க் கும்பிட்டே அனுப்பினார். வாசல் காவலர் அசந்துபோனார். நாடெங்கும் அரசாங்கம் மரியாதை இயக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்த காலம் அது. "இத்தனை வருசத்துல இப்படி ஒரு டிரைவரை நான் பார்த்ததில்ல" என்று அவர் லாசரசின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லாசரசுக்கு வேர்த்துக் கொட்டியது.

உள்ளே நடந்தது வேறு. வேலாயுதத்தின் பழைய லாரி துளிப் புகையும் விடாததைக் கண்டு அதிகாரி சிவசுப்பிரமணியம் பூரித்துப்போயிருந்தார். வெள்ளைச் சட்டையும் டையுமாக நின்று, லாரியின் புகைக்குழாயருகே தன் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து, உள்ளே வரும் டிரைவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்கோ, வண்டியை இப்பிடி வச்சிருக்க வேணும்!" வேலாயுதம் பரிசு வாங்கிய ஆடுபோல விழித்துக்கொண்டு நின்றார்.

வரிசை தீர்ந்தது. விட்டுக்கொடுக்க இனி ஆளில்லை. லாசரஸ் மாதாவை வேண்டிக்கொண்டு உள்ளே போனார்.

"ஆக்சிலேட்டரை மிதியுங்கோ" என்றார் அதிகாரி.

"மெதுவாவா சார்?"

"நல்லா மிதியுங்கோ!"

மிதித்தார். ஒரு நிமிடம் யாருக்கும் யாரும் தெரியவில்லை. புகை கலைந்தபோது கைக்குட்டையும் கறுப்பு, சட்டையும் கறுப்பு, சிவசுப்பிரமணியத்தின் கண்கள் மட்டும் வெள்ளை. வாசல் காவலர் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்குத் திணறி இருமினார். லாசரசின் கையைக் குலுக்கிய அதே மனிதர்தான். தினமும் தன் பின்னால் வருகிறவர்கள் படும் பாட்டை அன்றுதான் லாசரஸ் நேரில் பார்த்தார்.

அந்த இருமலைக் கேட்டு வேலாயுதத்தால் தாங்க முடியவில்லை. "சார், அவரோட நாசில் எங்கிட்ட இருக்கு!" என்று உளறிவிட்டார்.

இரண்டு லாரிக்கும் தவணை கொடுத்து, சரிசெய்து கொண்டுவரச் சொல்லி அனுப்பினார் அதிகாரி. முகத்தைத் துடைத்துக்கொண்டே லாசரசிடம் சொன்னார்: "பின்னால வாறவனுக்கு வழி விட்டால் மட்டும் காணாது ஐயா. அவனை மூச்சுவிடவும் விட வேணும்."

மறுநாள் லாசரஸ் சுங்கை ரோட்டில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில், மாண்டுபோன கணவரின் கடையை நடத்திவந்த சம்சுன்னிசாதான் துப்புக் கொடுத்தார். "பொங்கோல்ல பன்னிப் பண்ணையெல்லாம் மூடுறாங்க, பாய்வீட்டுக்காரி நான் அந்தப் பக்கம் போறதில்ல. நீங்க போங்கண்ணே. உங்க மாடல் லாரியை ஓட்டாமலே நிறுத்தி வச்சிருக்காங்களாம்."

லாசரசும் வேலாயுதமும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். சீனப் பண்ணைக்காரர் ஒருவர் கொட்டகையில் இரண்டு லாரிகள் தூங்கிக்கொண்டிருந்தன. நாசில்களைச் சல்லிசாகவே கொடுத்தார். பட்டறையில் கழுவி, சரிபார்த்து மாட்டினார்கள். லாரி இருமாமல் கிளம்பியது. இரண்டும் சோதனையில் தேறின.

சேதி கேட்டுத் தங்கராஜு தேக்காவுக்கே ஓடிவந்தான். "அண்ணே, இப்ப உங்ககிட்டயும் நல்ல செட் இருக்கு! ரெண்டு பேரும் கூட்டா வாடகைக்கு விடலாம்லா!"

லாசரஸ் கீரைக் கூடையை இறக்கிவைத்தார். "தங்கராஜு, நாசிலை வாடகைக்கு எடுக்கலாம். நுரையீரலை எங்க போய் எடுப்பே? ஆபீசரை ஏமாத்துறோம்னு நெனைச்சுக்கிட்டு நாம ஏமாத்தினது பஸ் ஸ்டாப்புல நிக்கிற சனத்தை, நம்ம பொண்டாட்டி புள்ளைங்களை. டெஸ்டு ஒரு நாளுதான், காத்து எல்லாருக்கும் எல்லா நாளும் வேணும்."

தங்கராஜு ரோட்டோரம் புகைவிட்டபடி நின்ற தன் வேனைத் திரும்பிப் பார்த்தான். அதைச் சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, அந்தப் பண்ணை பொங்கோல்ல எந்தப் பக்கம்?"