ஜூன் மாதத்துப் புதன்கிழமை

வேதநாயகி வீட்டுக்கு நகராட்சி ஒதுக்கியிருந்த நாள், 1954 ஜூன் மாதத்தில் வந்த ஒரு புதன்கிழமை. நாட்டின் வரலாற்றை வீட்டுக்கு ஒரு நாளாகப் பிரித்துக் கொடுத்தபோது எதிர்வீட்டு ஸ்டெல்லாவுக்குச் சுதந்திர தினமே விழுந்தது. கொடுத்துவைத்தவள். அந்த வீட்டுப் பிள்ளைகள் கதவைத் திறந்தாலே கொடியும் மிட்டாயும்தான். வேதநாயகியின் புதன்கிழமை ஸ்டோர் ரூமில் இருந்தது. உள்ளே ஒரு தெரு, ஒரு சைக்கிள் கடை, ஒரு தெருக்குழாய். வெயில் மட்டும் நன்றாக அடித்தது.

பிள்ளைக்குப் பத்து வயது ஆவதற்குள் வீட்டு நாளைப் பற்றி ஒரு பெருமையாவது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஆய்வாளர் அந்த நாளை நாட்டிலிருந்து கழித்துவிடுவார். அன்று பிறந்தவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கீழத்தெருவில் அப்படி ஒரு வியாழக்கிழமை போய்விட்டது. அந்த வீட்டார் இன்னும் தலை நிமிர்ந்து நடப்பதில்லை.

ஆய்வாளர் திங்கட்கிழமை வருவதாகச் சீட்டு வந்தது. வேதநாயகி விடுகிற ஆள் இல்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் செவ்வந்திக்கு முகம் கழுவி, தலை வாரி, கையைப் பிடித்துப் புதன்கிழமைக்குள் அழைத்துப் போனாள். அங்கே காலையிலிருந்து இரவுவரை இருந்துவிட்டு வந்தாலும் வெளியே விளக்குப் போடும் நேரம்தான் ஆகியிருக்கும்.

"அம்மா, இங்க யாருமே ஒண்ணும் பண்ணலம்மா. அந்தத் தாத்தா பஞ்சர் ஒட்டுறாரு. அவ்ளோதான்."

"தினமும் கல்யாணம்னா பாத்திரம் யாருடி தேய்க்கிறது? நாட்டுக்கு எல்லா நாளும் வேணும். நல்லாப் பாரு."

தனக்கும் ஒன்றும் தென்படவில்லை என்பதை அவள் மகளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் போனார்கள். காலை ஏழு மணிக்கு யாரோ திறந்துவிட்டுப் போன தெருக்குழாய் வழக்கம்போலக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆபீசுக்குப் போகிறவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தாண்டினார்கள். சாயங்காலம் குடத்தோடு வரும் பெண்களுக்குச் சொட்டுக்கூட மிஞ்சாது. எத்தனை முறை பார்த்தாலும் இப்படித்தான். செவ்வந்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தன பேர் போறாங்க, ஒருத்தருக்குக்கூடவா மூடத் தெரியாது?"

தெருவைக் கடந்து போனாள். குழாய் அவளுக்கு எட்டவில்லை. கல்லில் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். தண்ணீர் நின்றது. அன்று மாலை எல்லாக் குடமும் நிறைந்தது. கடைசிக் குடம் இடுப்பில் ஏறும்வரை வேதநாயகி நின்று பார்த்தாள்.

திங்கட்கிழமை ஆய்வாளர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பதிவேட்டைப் பிரித்தார்.

"சொல்லு பாப்பா. உங்க நாள்ல நாடு பெருமைப்பட என்ன நடந்துச்சு?"

"ஒரு பொண்ணு தெருக்குழாய மூடினா."

"யாரு?"

"நான்தான்."

ஆய்வாளர் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போனார். செவ்வந்தியின் பெயர் இருந்த வரியில் விரல் நின்றது. மெல்ல எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் செவ்வந்தியின் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்கம்மா. உங்க காலத்து ஆளுங்கள இப்பல்லாம் பாக்க முடியறதில்ல."

புதன்கிழமை பிழைத்தது. ஆய்வாளர் முத்திரை குத்திவிட்டுப் போனார். மறுவாரம் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் செவ்வந்தியின் பெயரை அடித்துவிட்டு, குடியரசு தின அழைப்பிதழில் போட்டார்கள். கொடியேற்ற வேண்டும் என்று தலைமை ஆசிரியரே வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டார்.

வேதநாயகி மகளின் சீருடையைத் தேய்த்துக் கொடுத்தாள். மேடைப்படியில் நாலாம் வகுப்பு டீச்சர் ஓடிவந்து செவ்வந்தியின் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். "பாத்து வாங்கம்மா, ஒவ்வொரு படியா." 1954இலேயே பள்ளிக்கூடம் போகிற வயது என்றால் இப்போது எண்பது. எண்பது வயதில் படி ஏறுவது லேசான காரியமா? செவ்வந்தி நிதானமாகவே ஏறினாள்.

மகளுக்கே எண்பது என்றால் அம்மாவுக்கு நூற்று நாலு. வேதநாயகிக்கு முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். கொடி மேலே போய் விரியும்வரை அவள் அதில் உட்காரவில்லை.